பழைய விமானமும் புதிய மண்டபமும்: காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை முன்வைத்துத் தாங்குதள இணைப்பு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிலைபெற்றுவிட்ட கட்டடத்தோடு புதிய கட்டடம் ஒன்றைச் சேர்க்கும்போது இரண்டின் அடித்தளங்களும் சந்திக்கும் இடமே சிக்கலுக்குரிய இடமாகிறது. காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலில் தனித்தனியே நின்ற விமானமும் மண்டபமும் பிற்காலத்தில் ஓர் இடைமண்டபத்தால் இணைக்கப்பெற்றன. கலை வரலாற்றாசிரியர்கள் இவ்விணைப்பை அழகுக்கு நேர்ந்த குறையாகவே மதிப்பிட்டு வந்துள்ளனர். இக்கட்டுரை அதனைக் கட்டுமான முடிவாகவும் வரலாற்றுச் சான்றாகவும் அணுகுகிறது. இணைப்புகளைச் சிமெந்தால் பூசி மறைக்கும் இன்றைய பழுதுபார்ப்பு முறை எத்தகைய இழப்பை உண்டாக்குகிறது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாங்குதளம், கடைக்கால், கற்றளி, இடைமண்டபம், பழங்கற்படி, திருப்பணி.

முன்னுரை

குடியிருக்கும் வீட்டை ஒட்டி ஓர் அறையோ தாழ்வாரமோ கட்டியவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. கட்டி முடித்த ஆண்டில் எல்லாம் செம்மையாக இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின், பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் தோன்றும். பூசினாலும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் அது மீண்டும் திறக்கும். கொத்தனார்கள் இதனை முன்னரே அறிந்து, பிற்காலச் சேர்க்கைக்கென்று சுவரின் ஓரத்தில் செங்கற்களை ஒன்றுவிட்டொன்றாக வெளியே நீட்டிப் பல் விட்டுக் கட்டுவதுண்டு. இம்முறை இரு சுவர்களையும் பிணைக்கும். ஆயினும் சுவருக்குக் கீழே, கடைக்காலில், பழையது பழையதாகவும் புதியது புதியதாகவுமே நிற்கின்றன.

காரணம் மண்ணில் இருக்கிறது. பழைய கட்டடத்தின் கீழுள்ள மண் பல ஆண்டுகளாகச் சுமை தாங்கி, இறுகி, அமர வேண்டிய அளவுக்கு அமர்ந்துவிட்டது. புதிய கடைக்காலின் கீழுள்ள மண்ணோ அன்றுதான் சுமையை ஏற்கத் தொடங்குகிறது. ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று சிறிது சிறிதாக இறங்குகிறது. அந்த வேறுபாடு ஓரிரு விரற்கடையே ஆயினும், இரண்டையும் இறுகப் பிணைத்திருந்தால் பிணைப்பு கிழியும்.

மண் அமர்வதற்குக் காலம் தேவை என்பதற்கு உலகறிந்த சான்று இத்தாலியின் பைசா கோபுரம். 1173இல் தொடங்கிய அதன் கட்டுமானம் மூன்றாம் நிலையோடு 1178 அளவில் நின்றுபோய், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தொடர்ந்தது. அந்த நீண்ட இடைவெளியில் அடியிலிருந்த களிமண் இறுகியிராவிட்டால் கோபுரம் அன்றே சரிந்திருக்கும் என்பது மண்ணியல் பொறியாளர் கருத்து. தற்செயலாக நேர்ந்த தாமதமே அங்குக் கட்டடத்தைக் காத்தது.

தமிழகக் கோயில்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. ஓர் அரசன் விமானம் எடுப்பான். அவன் வழித்தோன்றல் மண்டபம் சேர்ப்பான். வேறு மரபினர் திருச்சுற்றும் கோபுரமும் எழுப்புவர். எனவே, வீட்டுக்காரர் ஒருவர் ஒருமுறை எதிர்கொள்ளும் சிக்கலைக் கோயிற் கட்டடக் கலைஞர்கள் ஆயிரம் ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் எதிர்கொண்டனர். கோயிற்கலை ஆய்வுகள் விமானத்தின் தளங்களையும் கோட்டச் சிற்பங்களையும் விரிவாகப் பேசுகின்றன. இரு தாங்குதளங்கள் சந்திக்கும் அந்த ஒரு சாண் அகலத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

இராசசிம்மன் கோயிலில் இடைவெளி

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயில், இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்ம பல்லவனால் பொ.ஆ. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பெற்றது. மேற்கட்டுமானமும் சிற்பங்களும் மணற்கல்லால் ஆனவை. ஆயினும் தாங்குதளத்தின் கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் கருங்கல் பயன்பட்டுள்ளது. எளிதில் உளியேற்கும் கல்லைச் சிற்பத்துக்கும், சுமையையும் ஈரத்தையும் தாங்கும் கல்லை அடிக்கும் தேர்ந்தெடுத்த இச்செயல், அடித்தளம் பற்றித் தெளிந்த சிந்தனை பல்லவர் காலத்தில் இருந்தமையைக் காட்டுகிறது.

இக்கோயிலின் முதல் அமைப்பில் விமானம் தனிக் கட்டடம். அதற்கு முன்னிருந்த தூண் மண்டபமும் தனிக் கட்டடம். இரண்டுக்கும் இடையே திறந்தவெளி இருந்தது. மண்டபத்தைக் கடந்து வெளியே வந்த அடியவர், வானம் பார்க்க நிற்கும் விமானத்தின் முகப்பை முழுமையாகக் கண்ட பின்னரே கருவறையை அடைந்தனர். இவ்விடைவெளி பிற்காலத்தில் ஓர் இடைமண்டபத்தால் அடைக்கப்பெற்றது. இன்று உள்ளே செல்வோர் அதனை இருண்ட நடைவழியாகவே உணர்கின்றனர்.

மண்டபம் பிற்காலச் சேர்க்கை அன்று என்பதற்கு ஐயமற்ற சான்று அதன் தூண் ஒன்றிலேயே உள்ளது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோது, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு அதனைக் கொள்ளையிடாது இறைவனுக்கே திரும்ப அளித்ததைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அது. அவன் ஆட்சி பொ.ஆ. 733–745 அளவிலானது. ஆகவே, எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே மண்டபம் நின்றது. பிற்காலத்தது இணைப்பு மட்டுமே.

இவ்வளாகத்தில் பல்லவர் காலத்துச் சேர்க்கைகள் பிறவும் உள்ளன. அவை அனைத்தும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. இராசசிம்மன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் தன் பெயரால் எடுத்த மகேந்திரவர்மேசுவரம் தந்தையின் விமானத்தோடு ஒட்டப்பெறவில்லை. அதன் முன்னே தனக்கெனத் தாங்குதளமும் தளமும் சிகரமும் கொண்டு தனித்து நிற்கிறது. கோயிலின் முன்புறம் வரிசையாக நிற்கும் எட்டுச் சிறு விமானங்களும் அவ்வாறே. அவற்றுள் ஒன்று அரசி இரங்கபதாகை எடுத்தது என்பதை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. கணவன் கோயிலுக்கு மனைவி செய்த சேர்க்கையும், தந்தை கோயிலுக்கு மகன் செய்த சேர்க்கையும் அருகமைந்த தனிக் கட்டடங்களாகவே அமைந்தன. பக்தியின் உறவு நெருங்கியிருந்தது, கடைக்கால்கள் விலகியிருந்தன.

இதனை மண்ணியல் அறிவின் விளைவு என்று உடனே முடிவுகட்டுவது பிழையாகும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இரு சிவன் கோயில்களும் இடையே பள்ளிகொண்ட பெருமாளின் இருப்பிடமும் நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன. அங்கு அடியில் இருப்பது பாறை, அது அமராது. பாறைமேல் ஒட்டிக் கட்டியவர்கள் ஆற்றுப்படுகை மண்மேல் விலக்கிக் கட்டினர் என்று வாதிடுவது கவர்ச்சியானதுதான். ஆனால், அதே காஞ்சியில் அதே மண்ணில், இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் எடுத்த வைகுந்தப்பெருமாள் கோயிலில் விமானமும் முன்மண்டபமும் ஒன்றிணைந்த அமைப்பில் உள்ளன. கயிலாசநாதரின் தாக்கத்தைக் கொண்டதாகக் கருதப்பெறும் பட்டடக்கல் விருபாட்சர் கோயிலிலும் நிலை அதுவே. இரண்டாம் விக்கிரமாதித்தனின் காஞ்சி வெற்றியை ஒட்டி அரசி உலோகமாதேவி எடுப்பித்த அக்கோயிலில் கருவறை, இடைநாழி, மண்டபம் ஆகியன தொடக்கத்திலேயே ஒன்றாகத் திட்டமிடப்பெற்றன. நந்தி மண்டபம் மட்டுமே விலகி நிற்கிறது. காஞ்சியைக் கண்டு திரும்பியோர் காஞ்சியின் இடைவெளியை எடுத்துச் செல்லவில்லை.

ஆகவே, இரண்டு தலைமுறைக்குள் மாறியது மண் அன்று. கோயிலமைப்புப் பற்றிய கருத்து. ஒரே வேளையில் வானம் தோண்டி ஒரே தாங்குதளத்தில் எழுப்பப்பெறும் பகுதிகள் சேர்ந்தே அமர்வதால் பிணைப்புக்குப் பெரும் இடர் இல்லை. இடர் தோன்றுவது காலத்தால் பிந்திய சேர்க்கையில்தான். வைகுந்தப்பெருமாள் கோயிலில் அச்சிக்கல் எழவில்லை. கயிலாசநாதர் கோயிலில் இடைமண்டபம் கட்டியவர்களுக்கு எழுந்தது.

இடைமண்டபம் கட்டியோரின் நிலை

பெர்சி பிரவுன் முதலிய கலை வரலாற்றாசிரியர்கள் இவ்விணைப்பு கோயிலின் தோற்றத்தைக் கெடுத்துவிட்டதாகக் கருதினர். விமான முகப்பு மறைந்தது. இரு கட்டடங்களின் தனித்தன்மை குன்றியது. இக்கருத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், கட்டுமான நோக்கில் பார்த்தால் வேறொன்று புலப்படும்.

இணைப்பு எழுந்த வேளையில் விமானமும் மண்டபமும் அமர்ந்து முடிந்தவை. விமானம் மிகுந்த எடை உடையது. ஏழு துணைக் கருவறைகள் சூழ உயர்ந்த மேல்தளங்களைத் தாங்குவது. மண்டபமோ ஒற்றைத் தளத்தது; எடையிற் குறைந்தது. இவ்விரண்டையும் தொடக்கத்தில் தனித்தனிக் கடைக்கால்களில் எழுப்பிப் பிணைத்திருந்தால், எடை வேறுபாட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கி, பிணைப்பில் விரிசல் கண்டிருக்கக்கூடும். இடைவெளி இருந்தமையால் ஒவ்வொன்றும் தன் போக்கில் அமர்ந்தது. பின்னர் வந்தவர்கள் நிலைத்துவிட்ட இரண்டுக்கும் இடையே சிறியதொரு புதுக் கட்டடத்தை நிறுத்தினர். புதிதாகச் சுமையேற்ற மண் அந்த இடைப்பகுதியினது மட்டுமே. சுமையும் சிறிது.

அவர்கள் இதனைக் கணக்கிட்டுச் செய்தனர் என்று கூற இயலாது. வழிபாட்டுத் தேவையே முதன்மையாக இருந்திருக்கும்: மழையிலும் வெயிலிலும் நனையாது கருவறை வரை செல்லும் வழி, விளக்கும் நிவேதனமும் எடுத்துச் செல்லும் வசதி, பிற கோயில்களைப் போன்ற தொடர் மண்டப அமைப்பு. ஆயினும் இராசசிம்மன் விட்ட இடைவெளியும் அதன்பின் கழிந்த காலமும் சேர்ந்து, அவர்கள் வேலையை எளிதாக்கின. இத்தகைய சேர்க்கைக்குக் காலம் செய்யும் உதவியைக் கட்டடவியல் நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை என்றே தோன்றுகிறது.

கல் கட்டுமானத்தின் இயல்பும் இங்குத் துணைபுரிந்தது. தமிழகக் கற்றளிகளின் கற்கள் பெரிதும் தம் எடையாலும் பொருத்தத்தாலும் நிற்பவை. கல்லும் கல்லும் சேரும் ஒவ்வோர் இடமும் நூலிழை அளவு அசைவை ஏற்கும். முழுக் கட்டடமும் ஒரே பாளமாக இறுகும் கான்கிரீட்டுக்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. இன்றைய பொறியாளர் பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அதனை அடைக்கிறார். கற்றளியில் அவ்விடைவெளியின் பணியை ஒட்டி நிற்கும் இரு கல்வரிசைகளுக்கு இடைப்பட்ட கோடே செய்தது.

கோட்டை வாசித்தல்

இணைப்புக் கோடு வரலாற்றாசிரியர்க்குச் சொல்லும் செய்தி மிகுதி. ஒரு மண்டபம் விமானத்தோடு ஒருங்கே எழுந்ததா, பின்னர்ச் சேர்ந்ததா என்பதை அறியத் தாங்குதள உறுப்புகளின் ஓட்டத்தைக் காண வேண்டும். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஆகியன விமானத்திலிருந்து மண்டபத்துக்கு ஒரே மட்டத்தில், ஒரே கல்லே இரு பக்கமும் நீளும்படி ஓடினால், இரண்டும் ஒரே திட்டத்தன. குமுதம் திடீரென முடிந்து நேர்கோட்டில் ஒரு வெட்டும், அதற்கப்பால் வேறு மட்டத்தில் வேறு குமுதமும் தொடங்கினால், சேர்க்கை பிந்தியது. உருள்குமுதம் எண்முகக் குமுதத்தைச் சந்திக்கும் இடங்களில் இது எளிதில் விளங்கும். அரைத்தூண் ஒன்றின் பாதி புதிய சுவரால் விழுங்கப்பட்டிருப்பதும் அத்தகைய அடையாளமே. அரைத்தூணைப் பாதியாக யாரும் திட்டமிடுவதில்லை.

இவற்றினும் உறுதியான சான்று கல்வெட்டு. பழைய தாங்குதளத்தின் கல்வெட்டு வரி, புதிய சுவருக்குள் புகுந்து மறைந்தால், அச்சுவர் கல்வெட்டுக்குப் பிந்தியது. கல்வெட்டு இணைப்புக் கோட்டைத் தாண்டி, சொல் முறியாமல் இரு பக்கமும் ஓடினால், இணைப்பு கல்வெட்டுக்கு முந்தியது. இவ்விரு விதிகளைக் கொண்டு, கட்டியவர் பெயர் தெரியாத மண்டபத்துக்கும் காலத்தின் மேலெல்லையும் கீழெல்லையும் வகுக்க முடியும். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் வரிகளின் இறுதியில், எஞ்சிய பகுதி கட்டடத்தால் மறைந்துள்ளது என்னும் குறிப்பு அடிக்கடி காணப்பெறும். படிப்போர் அதனை இழப்பாக எண்ணிக் கடந்துவிடுகின்றனர். கட்டட வரலாற்றுக்கு அக்குறிப்பே ஒரு தரவு. எந்தக் கட்டடம் மறைத்தது, எந்த வரியிலிருந்து மறைத்தது என்பவற்றைத் தொகுத்தால், ஒரு கோயிலின் வளர்ச்சி வரிசையை மீட்டுருவாக்க இயலும்.

இடித்துக் கட்டும் வழி

ஒட்டிக் கட்டுவதை முற்றிலும் தவிர்த்த மரபும் தமிழகத்தில் உண்டு. கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன்மாதேவி, பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். செங்கல் சுவருக்கு வெளியே கல்லை ஒட்டுவதோ பழைய கடைக்காலின்மேல் கல்லின் எடையை ஏற்றுவதோ அல்லாமல், கற்றளியை அடியிலிருந்தே எழுப்பும் பணி அது. மயமதம் முதலிய சிற்ப நூல்கள், நீரோ பாறையோ எட்டும்வரை நிலத்தை அகழ்ந்து, மணலும் நீரும் இட்டு இறுக்கிய பின்னரே கட்டடம் எழ வேண்டும் என்னும் மரபினைக் கூறுவன. செங்கல் தளியின் கடைக்கால் செங்கல்லின் எடைக்கு அமைந்தது. அதன்மேல் கல்லை ஏற்றுவது அந்த அறிவுக்கு மாறானது.

இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. பழைய கட்டடம் போனால் அதிலிருந்த கல்வெட்டுகளும் போகும். அவ்விலையைச் செம்பியன்மாதேவியின் பணியாளர் உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திருக்கோடிக்காவல் சான்று. அங்குக் கற்றளி எடுக்கப்பெற்றபோது, பழைய கற்களில் இருந்த கொடை ஆவணங்கள் படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. அவை பழங்கற்படி என்றே அங்குக் குறிக்கப்பெற்றுள்ளன. மூலத்தை இழக்கும் முன் அதன் செய்தியைப் பதிவு செய்து, இது படியே என்பதையும் மறைக்காது சொன்ன நேர்மை வியப்புக்குரியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்திய திருப்பணிகள் பலவற்றில் அந்த அளவு ஆவணவுணர்வைக் காண முடிவதில்லை.

மறைந்துவரும் கோடு

இன்று கோயில்களில் நடைபெறும் பழுதுபார்ப்பு, இணைப்புக் கோட்டை ஒரு குறையாகவே கொள்கிறது. மழைநீர் இறங்குகிறது, செடி முளைக்கிறது என்னும் காரணங்களால் கோடுகள் சிமெந்தால் அடைக்கப்படுகின்றன. நீர் இறங்குவதும் ஆலும் அரசும் வேரூன்றுவதும் மெய்யான கேடுகளே. அவற்றைத் தடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பொருளும் முறையும்தான் கேள்விக்குரியன. சுண்ணச்சாந்து நெகிழும், ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெந்து இரண்டையும் செய்யாது. அதுவரை தனித்தனியே அசைந்த இரு கட்டடங்களை அது விறைப்பாகப் பிணைக்கிறது. அடுத்த அசைவில் சிமெந்து விடாப்பிடியாக நின்றால், அதன் இரு பக்கமும் உள்ள கல் விளிம்புகள் பெயரும். கயிலாசநாதர் கோயிலைப் போன்ற மணற்கற் கட்டடங்களில் இவ்விழப்பு இன்னும் விரைவானது.

தரையுயர்த்தலும் அத்தகையதே. திருச்சுற்றில் பழைய தரையின்மேலேயே புதிய கற்பலகைகளைப் பரப்பும்போது உபானம் புதைகிறது; சில இடங்களில் ஜகதியும் புதைகிறது. விமானத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலான மட்ட வேறுபாடு புலப்படுவது அந்தக் கீழ் வரிசைகளில்தான். கீழ் வரிசைகள் மறைந்தபின் இரண்டும் ஒரே கட்டடம் போலத் தோற்றமளிக்கும். ஆய்வாளரும் அவ்வாறே எழுதிவிடுவர். கயிலாசநாதர் கோயிலிலேயே, திருச்சுற்றின் சிறு கோயில்களில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் ழுவோ துப்ராய் கண்டறிந்தார்.  பூச்சுக்கு மேலே நின்று எழுதப்படும் வரலாறு எவ்வளவு குறையுடையதாக இருக்கும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

இணைப்புக் கோட்டை அடைப்பதற்கு முன் செய்யத்தக்க பணிகள் பெருஞ்செலவு உடையன அல்ல. கோட்டின் இரு பக்கமும் உள்ள தாங்குதள வரிசைகளின் உயரத்தை அளந்து வரைபடமாக்குவது, கோட்டைத் தொடும் கல்வெட்டு வரிகளை மைப்படி எடுப்பது, புதையவிருக்கும் கீழ் வரிசைகளை ஒளிப்படம் எடுப்பது ஆகியவற்றை ஒரு கோயிலில் இருவர் சில நாள்களில் முடிக்கலாம். விரிசல் இன்னும் விரிகிறதா, நின்றுவிட்டதா என்பதை அறியப் பொறியாளர் கையாளும் எளிய வழியும் உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, அதில் நாளைக் குறித்து வைப்பர். கட்டடம் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்து அக்கண்ணாடி முழுதாக இருந்த பின்னரே, கோட்டை எதனால் அடைப்பது என்னும் கேள்வியைத் தொடங்குவது முறையாகும்.